குப்பை எழுத்து

உள்ள வாங்க சார். பிசியோதெரபிஸ்ட் போன்ல சொன்னாரு, உங்க அண்ணனுக்கும் அதே வியாதின்னு. மோட்டார் நியூரான். பேச்சு போயிடுச்சா? கை? ம். எங்க வீட்லயும் அப்படித்தான். நாக்குலதான் ஆரம்பிச்சுது.

இதுதான் அந்த மிஷின். சோப்பு டப்பா மாதிரி இருக்கேன்னு பாக்காதீங்க, சோப்பு டப்பாவேதான். உள்ள ஒரு சிப்பு. இந்தப் பக்கம் ஒரு ஸ்விட்ச். உடம்புல எது அசையுதோ அதுக்குப் பக்கத்துல வச்சிடலாம். அந்தப் பக்கம் ஒயர் கம்ப்யூட்டருக்குப் போகும். திரையில எழுத்து ஒண்ணு ஒண்ணா மின்னிக்கிட்டே போகும். வேண்டிய எழுத்து வந்ததும் ஸ்விட்ச்சை அமுக்கணும். வார்த்தை முடிஞ்சா கம்ப்யூட்டர் வாய்விட்டுப் படிக்கும். இப்போதைக்குப் பொம்பளக் குரல்தான் இருக்கு. அண்ணனுக்கு ஆம்பளக் குரல் போட்டுடலாம்.

நல்லா வேலை செய்யுது. இப்ப நல்லா வேலை செய்யுது. அதை முதல்லயே சொல்லிடறேன்.

செஞ்சு தரேன் சார், கண்டிப்பா செஞ்சு தரேன். ஆனா எனக்கு நடந்ததைக் கேட்டுட்டுப் போங்க. இதுல நான் ஒரே ஒரு தப்புதான் பண்ணேன். அந்த ஒரு தப்பு மட்டும் இல்லன்னா கதையே வேற.

நான் இருபத்தேழு வருஷம் எடைமேடை சர்வீஸ் பண்ணவன். லாரி ஏறி நிக்கும் பாருங்க, சிமெண்டு குடோன்ல, அரிசி ஆலையில. எடை காட்டற பெட்டியிலேருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு ஒயர் போகும். பெட்டி எண்ணை அனுப்பும், கம்ப்யூட்டர் வாங்கிச் சீட்டு அடிக்கும். அந்த ஒயர்ல கோளாறுன்னா சிதம்பரநாதனைக் கூப்பிடுன்னுதான் துவாக்குடியிலேருந்து புதுக்கோட்டை வரைக்கும் சொல்லுவாங்க. என் பொழப்பே அந்த ஒயருதான். அதனாலதான் மனசு ஆற மாட்டேங்குது.

என் வீட்டுக்காரி பேரு சுகந்தி. மூணாம் வகுப்பு டீச்சர். பகல் பூரா நாப்பது பிள்ளைங்ககிட்டப் பேசிட்டு வந்து, வீட்லயும் பேசுவா. அந்தப் பையன் பென்சிலைக் கடிச்சான், ஹெச்.எம். இப்படிச் சொன்னாரு, பஸ்ஸுல ஒருத்தி இப்படிச் சண்டை போட்டான்னு. நான் இதே மேஜையில சால்டரிங் பண்ணிக்கிட்டே 'ம்' கொட்டுவேன். கேட்டுக்கிட்டுதான் இருந்தேன் சார். காது இங்கதான இருக்கு.

ஒரு நாள் வந்து, 'ஏங்க, எனக்கு 'ழ' சரியா வர மாட்டேங்குது, பிள்ளைங்க சிரிக்குதுங்க'ன்னா. பல்லு டாக்டர்கிட்டக் காட்டுன்னேன். அப்படித்தான ஆரம்பம். எட்டு மாசத்துல பேச்சு சுத்தமா நின்னுச்சு. அப்புறம் கை. அப்புறம் சாப்பாட்டுக்கு வயித்துல குழாய். போன தைப்பொங்கலப்போ அவளுக்கு அசையறதுன்னு மிச்சம் இருந்தது கண்ணும், இடது கால் பெருவிரலும்தான்.

மக பிரவீணா புனேல இருக்கா. போன்ல சொன்னா, 'அப்பா, கண்ணைப் பாத்தே எழுதற கருவி ரெடியாவே கிடைக்குது, வாங்கி அனுப்பறேன்'னு. நான் வேண்டாம்னுட்டேன். நான் இருக்கும்போது எதுக்கு இன்னொருத்தன் செஞ்ச பொருளு? சுகந்தி பேசப்போறது நான் செஞ்சதுல பேசட்டுமே. பெருவிரல் இருக்கு, ஒரு ஸ்விட்ச் போதும், பத்து நாள் வேலைன்னேன். பத்து நாள்னு நெனச்சுதான் சொன்னேன் சார்.

அவளைப் பாத்துக்கறதுக்கு ஒரு அம்மா வந்துச்சு. செல்வராணி. அரியமங்கலம். அம்பது வயசு இருக்கும். அஞ்சாவதோட நிறுத்தினவ. காலையில ஏழு மணிக்கு வந்தா பொழுது சாயத்தான் போவா. குளிப்பாட்டறது, திருப்பிப் படுக்க வைக்கறது, குழாயில கஞ்சி ஊத்தறது எல்லாம் அவதான். குறை சொல்ல முடியாது. வேலையில குறை சொல்ல முடியாது.

நான் இங்க முன்னறையில மிஷினோட மல்லுக்கட்ட ஆரம்பிச்சேன்.

முதல்ல கம்ப்யூட்டருக்கு அந்தச் சிப்பு இருக்கறதே தெரியல. ஒரு நாள் பூரா முட்டிக்கிட்டேன். கடைசியில பாத்தா ஒயரு போன் சார்ஜ் போடற ஒயரு. கரண்டு மட்டும்தான் போகும், தகவல் போற கம்பியே உள்ள கிடையாது. மாத்தினேன். அப்புறம் அனுப்பற கம்பியும் வாங்கற கம்பியும். இங்க அனுப்பறது அங்க வாங்கற கம்பிக்குப் போகணும் இல்லையா, நான் நேருக்கு நேர் கொடுத்து வச்சிருந்தேன். இருபத்தேழு வருஷ சர்வீஸ்காரன்! பதட்டம் சார். அதையும் மாத்தினேன். அன்னைக்கு முதல் தடவையா திரையில ஏதோ வந்துச்சு.

என்ன வந்துச்சு? குப்பை. கட்டம் கட்டமா, தலைகீழ் கேள்விக்குறி, யாரும் பாக்காத எழுத்தெல்லாம். எங்க தொழில்ல அதைக் குப்பை எழுத்துன்னுதான் சொல்லுவோம். சிப்புலேருந்து 'க' அனுப்பினா குப்பை. 'அ' அனுப்பினா வேற குப்பை.

பொதுவா அப்படி வந்தா வேகம் பொருந்தலன்னு அர்த்தம். அனுப்பறவன் ஒரு வேகத்துல அனுப்பறான், வாங்கறவன் வேற வேகத்துல வாங்கறான். எனக்குத் தெரியாதா? ரெண்டு பக்கமும் பாத்தேன். சிப்புல 9600, கம்ப்யூட்டர்ல 9600. பொருந்தியிருக்கு. குறைச்சுப் பாப்போம்னு ரெண்டையும் 4800 ஆக்கினேன். குப்பை. ரெண்டையும் 2400. குப்பை. எல்லா வேகமும் பாத்தேன், ஒவ்வொரு தடவையும் ரெண்டு பக்கமும் மறக்காம மாத்தினேன். ஒழுங்கா வேலை செஞ்சேன் பாருங்க, அதான் வினை. எப்படின்னு அப்புறம் சொல்றேன்.

இதுக்கு நடுவுல செல்வராணி வந்து வாசப்படியில நிப்பா. 'ஐயா, டீச்சர் கூப்பிடறாங்க'ம்பா. நான் 'அஞ்சு நிமிஷம்'ம்பேன். மிஷின் எவ்வளவு தூரம் வந்திருக்குன்னு தெரிஞ்சுக்க சுகந்தி ஆசைப்படறா, பாவம், என்னத்தைப் போய்ச் சொல்றதுன்னு எனக்குச் சங்கடம். முடிச்சுட்டு நல்ல சேதியோட போவோம்னு இருந்துடுவேன். தினம் கூப்பிடுவா. ஒரு நாளைக்கு மூணு தடவை, நாலு தடவை. அவ்வளவு ஆர்வம் அவளுக்கு இந்த மிஷின் மேல.

செல்வராணிக்கு எப்படித் தெரியும், அவ கூப்பிடறான்னு? அதுக்கு அவங்க ரெண்டு பேரும் ஒரு வழி வச்சிருந்தாங்க. செல்வராணி வரிசையா எழுத்துச் சொல்லுவா. க, ங, ச, ஞன்னு. சரியான எழுத்து வந்ததும் சுகந்தி கண்ணை மேல தூக்குவா. அப்புறம் அ, ஆ, இ, ஈ. அதுலயும் தூக்குவா. 'ச', 'ஆ' ரெண்டும் சேந்தா 'சா'. கண்ணை இறுக்கி மூடினா, இல்லன்னு அர்த்தம். செல்வராணிக்கு ரகர வித்தியாசமெல்லாம் தெரியாது; சின்ன ர போட வேண்டிய இடத்துல பெரிய ற சொன்னா சுகந்தி கண்ணை மூடிக்குவா, திருத்துற வரைக்கும் திறக்க மாட்டாளாம். உள்ளேருந்து செல்வராணி சிரிக்கற சத்தம் கேக்கும்.

நான் ஒரு நாள் நின்னு பாத்தேன். ஒரு வார்த்தைக்கு அஞ்சு நிமிஷம் ஆச்சு. இது நமக்கு ஆகாதுன்னு வந்துட்டேன். கைவைத்தியம் மாதிரி சார் அது. என் மிஷின் வந்துட்டா அதுக்கெல்லாம் தேவையே இருக்காதே.

பிப்ரவரி வந்துடுச்சு. குப்பை நிக்கல. அப்பதான் எனக்குக் காத்துப் படுக்கை மேல சந்தேகம் வந்துச்சு. உங்க அண்ணனுக்கும் போட்டிருப்பீங்க, முதுகு புண்ணாகாம இருக்கறதுக்கு. அதுக்கு ஒரு சின்ன மோட்டார் ஓடிக்கிட்டே இருக்குமில்ல? மோட்டார்லேருந்து வர்ற இரைச்சல் கரண்டு வழியா ஏறி ஒயரைக் கெடுக்கும். எடைமேடையில நான் எத்தனை இடத்துல பாத்திருக்கேன். அதை நிறுத்திட்டு டெஸ்ட் பண்ணேன். அப்பவும் குப்பைதான். ஆனா வேலை மும்முரத்துல திருப்பிப் போட மறந்துட்டேன். செல்வராணி அன்னைக்கு ரேஷன் கடைக்குப் போயிட்டு லேட்டா வந்தா. நாலு மணி நேரம் இருக்கும்.

இடுப்புல ஒரு ரூபா அளவுக்குச் செவந்துபோச்சு. செல்வராணி என்கிட்ட முதல் தடவையா சத்தம் போட்டா. 'பக்கத்து ரூம்லதான இருந்தீங்க ஐயா? ஒரு தடவை எட்டிப் பாத்திருந்தா அவங்க கண்ணே சொல்லியிருக்குமே'ன்னா. அவளுக்கு எப்படிப் புரிய வைக்கறது, யாருக்காக அதை நிறுத்தினேன்னு.

மார்ச் ரெண்டாவது வாரம். பழைய சிநேகிதன் ஒருத்தன் பட்டறையில ஆசிலாஸ்கோப் இருந்துச்சு. ஒயர்ல போற துடிப்பை அப்படியே திரையில படமா காட்டற கருவி. சிப்பு இருந்த போர்டையும் கம்ப்யூட்டரையும் தூக்கிக்கிட்டுப் போனேன். 9600 வேகத்துல ஒரு துடிப்பு நூத்திநாலு மைக்ரோ செகண்டு இருக்கணும். எவ்வளவு இருந்துச்சு தெரியுமா? இருநூத்தி எட்டு. நேர் ரெண்டு மடங்கு.

அங்கயே தலையில அடிச்சுக்கிட்டேன் சார். சிப்புக்குள்ளயே சின்னதா ஒரு கடிகாரம் இருக்கு, மெதுவா ஓடறது. நான் வெளியில வேகமா ஓடற இன்னொரு கடிகாரம், கிரிஸ்டல்னு சொல்லுவோம், அதைப் பத்த வச்சிருந்தேன். ஆனா 'வெளியில இருக்கறதைக் கேளு'ன்னு சிப்புக்கு ஒரு அமைப்பு மாத்தணும், அதை மாத்தல. அது பாட்டுக்கு உள்ள இருக்கறதையே கேட்டுக்கிட்டு பாதி வேகத்துல பேசிக்கிட்டு இருந்திருக்கு. நான் ரெண்டு பக்கமும் சேத்து சேத்து மாத்தினேன் பாருங்க, அதனால என்னைக்குமே பொருந்தல. ஒரு பக்கத்தை மட்டும் மாத்தியிருந்தா முதல் வாரமே எழுத்து வந்திருக்கும். அதான் சார் நான் சொன்ன ஒரே தப்பு.

அமைப்பை மாத்தினேன். 'க' அனுப்பினேன். 'க' வந்துச்சு. 'சுகந்தி'ன்னு அனுப்பினேன். 'சுகந்தி'ன்னு வந்துச்சு. நான் அங்கயே அழுதுட்டேன்.

ஸ்கூட்டரை எப்படி ஓட்டிக்கிட்டு வந்தேன்னு தெரியல. காலையில மணி பதினொண்ணு இருக்கும். நேரா உள்ள போனேன். கம்ப்யூட்டரை அவ கண்ணுக்கு நேரா ஸ்டூல்ல வச்சேன். ஸ்விட்ச்சை இடது பெருவிரலுக்கடியில வச்சு டேப் ஒட்டினேன். 'சுகந்தி, ஆயிடுச்சும்மா. எழுத்து வரும்போது அமுக்கு. என்ன வேணா சொல்லு'ன்னேன்.

எழுத்து மின்னிக்கிட்டே போச்சு. க, ங, ச, ஞ. அமுக்கல. திரும்பவும் முதல்லேருந்து. அமுக்கல. எதைச் சொல்றதுன்னு யோசிக்கறா போலன்னு நெனச்சேன். ஸ்விட்ச் சரியா இல்லையோன்னு எடுத்து வேற மாதிரி ஒட்டினேன். ஒயரைப் புடுங்கிச் சொருகினேன். என் விரலால அமுக்கிப் பாத்தேன், வேலை செய்யுது. மறுபடி வச்சேன். அவ திரையைப் பாக்கவே இல்ல சார். என்னைப் பாக்கறா, செல்வராணியைப் பாக்கறா.

செல்வராணி மெதுவா சொன்னா, 'ஐயா, அந்த விரலு அசையாதுங்க.'

'என்ன சொல்ற?'

'நின்னு பதினஞ்சு நாளாச்சுங்க. மாசி மகத்துக்கு மறுநாள்லேருந்து.'

எனக்குக் காதுல ஏறவே இல்ல. 'பதினஞ்சு நாளா? ஏன் என்கிட்ட சொல்லல?'

'டீச்சர்தான் சொல்ல வேணாம்னாங்க. 'ஆசையாச் செய்யறாரு, செய்யட்டும், சொல்லாத'ன்னு. அதைச் சொல்றதுக்கே அவங்களுக்கு அரை மணி நேரம் ஆச்சுங்கய்யா.'

நீங்களே சொல்லுங்க சார். என் வீடு. என் பொண்டாட்டி. அவ விரல் நின்னுபோனது வேலைக்கு வந்தவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஸ்விட்ச்சைக் கன்னத்துக்கு மாத்தியிருப்பேன், புருவத்துக்கு மாத்தியிருப்பேன், ஆயிரம் வழி இருக்கே. என்னைப் பதினஞ்சு நாள் முட்டாளாக்கிட்டாளேன்னு வெறி வந்துச்சு. 'என் வீட்ல நின்னுக்கிட்டு என்கிட்டயே மறைக்கறியா? கெளம்பு. இப்பவே கெளம்பு'ன்னேன்.

சுகந்தி கண்ணை மேல தூக்கினா. திரும்பவும் தூக்கினா. தூக்கிக்கிட்டே இருந்தா. ஆமான்னா மேலதான தூக்குவா? அவளும் ஆமாங்கறா, போகச் சொல்றான்னு நான் நெனச்சேன்.

செல்வராணி, 'ஐயா, டீச்சர் ஏதோ சொல்லணும்ங்கறாங்க, எழுத்துக் கேக்கறேன், ஒரு நிமிஷம்'னா.

'ஒண்ணும் சொல்ல வேணாம்'னேன்.

அந்தம்மா அழல. சுகந்திக்கு நெத்தியைத் துடைச்சு விட்டுட்டு, பையை எடுத்துக்கிட்டுப் போயிடுச்சு.

மறுநாள் ஏஜென்சியிலேருந்து ஒரு பொண்ணு வந்துச்சு. வேலையெல்லாம் செஞ்சுது. நான் ஸ்விட்ச்சைக் கன்னத்துல வச்சுப் பாத்தேன், புருவத்துல வச்சுப் பாத்தேன். எங்கயும் தசை அசையல. சரி, எழுத்தாவது கேப்போம்னு சுகந்தி ஸ்கூல்லேருந்து வந்த எழுத்து அட்டையைச் சுவத்துலேருந்து எடுத்துக்கிட்டுக் கட்டில் பக்கத்துல போய் நின்னேன். எனக்கு வரல சார். க, ங, ச, ஞன்னு நான் சொல்ற வேகத்துக்கு அவ கண்ணு தூக்கறதுக்குள்ள அடுத்த எழுத்து போயிடும். மெதுவாச் சொன்னா எது சிமிட்டினது, எது தூக்கினதுன்னு புரியாது. 'ப'வா? கண்ணை மூடுவா. 'ம'வா? மூடுவா. ஒரு மணி நேரம் நின்னு ஒரு எழுத்து வாங்க முடியல. அப்புறம் அவ கண்ணை மூடினா திறக்கறதே இல்ல. களைச்சுப் போயிடுவா.

ஏழு நாள் அப்படிப் போச்சு. மூச்சு இளைக்க ஆரம்பிச்சுது. டாக்டர் வந்து பாத்துட்டு, ரொம்ப நாள் இல்ல, மகளுக்குச் சொல்லிடுங்கன்னுட்டாரு. நான் எட்டாம் நாள் காலையில அரியமங்கலம் போனேன். வீடு பூட்டியிருக்கு. லால்குடியில ஒரு வீட்ல வேலைக்குச் சேந்திருக்கான்னாங்க. லால்குடி போனேன். அந்த வீட்டு வாசல்ல நின்னு, 'தப்பா பேசிட்டேம்மா, வந்துடு'ன்னேன்.

என்னை ஒரு பார்வை பாத்தா. 'டீச்சருக்காக வரேன்'னா. ஸ்கூட்டர்ல பின்னாடி உக்காந்து வந்தா.

வந்தவ நேரா எழுத்துக்குப் போகல. முதல்ல தலையைச் சீவி விட்டா. மூஞ்சியைத் துடைச்சா. எட்டு நாள் சிக்கு சார் அந்தத் தலையில, நான் கவனிக்கவே இல்ல. சுகந்தி கண்ணுலேருந்து தண்ணி வந்துக்கிட்டே இருக்கு, செல்வராணி துடைச்சுக்கிட்டே இருக்கா. அப்புறம்தான், 'சொல்லுங்க டீச்சர்'னா.

நான் அட்டையைக் கையில பிடிச்சுக்கிட்டுப் பக்கத்துல நிக்கறேன். எட்டு நாள் கழிச்சுப் பேசப்போறா. தன் செயினை எங்க வச்சிருக்கான்னு சொல்லுவாளோ, பிரவீணாவைப் பத்திச் சொல்லுவாளோ, என்னைத் திட்டுவாளோ.

'உ'ன்னு வந்துச்சு. அப்புறம் 'ட்'. அப்புறம் 'கா'. அதுக்கே பத்து நிமிஷம் ஆச்சு. மூச்சு வாங்குது.

செல்வராணி கேட்டா, 'உட்காரவா டீச்சர்? உங்களை நிமித்தி உக்கார வைக்கணுமா?' கண்ணை மூடினா. 'நான் உக்காரவா?' மூடினா. 'ஐயாவா?'

மேல தூக்கினா.

'ஐயா, உங்களை உக்காரச் சொல்றாங்க.'

அவ்வளவுதான் சார். அதுதான் அவ சொன்ன கடைசி வார்த்தை. பாவம், நான் ரொம்ப நேரமா நின்னுக்கிட்டே இருந்தேன் இல்ல? கால் வலிக்கும்னு நெனச்சிருக்கா. சாகப்போற நேரத்துலயும் என் கால் வலியை நெனச்சா பாருங்க.

செல்வராணி ஒரு நாற்காலியை இழுத்துத் தலைமாட்டுக்கிட்டப் போட்டுட்டு, கஞ்சி காய்ச்சப் போயிட்டா. மறுநாள் விடிஞ்சு பால்காரன் வந்துட்டுப் போன நேரம் சுகந்தி போயிட்டா. பிரவீணா வந்து இறங்கறதுக்குள்ள. அதை விடுங்க, அது நடக்கத்தான் போகுதுன்னு தெரியும். எனக்கு மனசுல நிக்கறது அதுக்கு முந்தின சாயங்காலம்தான் சார்.

நான் உக்காந்தேன். அவ மூஞ்சிக்கு நேரா, இதோ உங்களுக்கும் எனக்கும் இருக்கற தூரம்கூட இல்ல. 'சொல்லும்மா'ன்னேன். அட்டையை விரிச்சு வச்சுக்கிட்டு க, ங, ச, ஞன்னு ஆரம்பிச்சேன். இந்தத் தடவை நிதானமா, செல்வராணி சொல்ற மாதிரியே. முழு வரிசையும் போச்சு. எதுக்கும் கண்ணைத் தூக்கல. இல்லன்னு மூடவும் இல்ல. திரும்பவும் முதல்லேருந்து சொன்னேன். உயிரெழுத்துச் சொன்னேன். கிரந்த எழுத்துகூடச் சொல்லிப் பாத்தேன், ஜ, ஷ, ஸன்னு.

அவ அட்டையைப் பாக்கவே இல்ல. என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருந்தா. அமைதியா, களைப்பே இல்லாம. விளக்கு ஏத்தற நேரம் வரைக்கும் அப்படியே பாத்துக்கிட்டு இருந்தா.

எந்த எழுத்துன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியல. செல்வராணியைக் கேட்டேன், தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போயிட்டா. நீங்க வெளியாளு, படிச்சவரு. நீங்க சொல்லுங்க சார், அவ என்னதான் சொல்ல வந்திருப்பா?